காலையிலேயே போட்டு வைத்த கூட்டல் குறிகள்

"ரத்தம் கட்டிப்போச்சு, இன்னொரு தடவை எடுக்கணும்." காரைக்குடியில் நான் நெடுங்காலம் பொறுப்பாளராக இருந்த மருத்துவமனை ஆய்வகத்தில் இதை நாங்கள் நாள் தவறாமல் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தோம். சில நாட்களில் அது உண்மையாகவும் இருந்தது. மற்ற நாட்களில் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய் கை தவறி விழுந்திருக்கும், அல்லது பெயர்ச்சீட்டு மாறி ஒட்டப்பட்டிருக்கும். இரண்டாம் முறை ஊசிக்குக் கை நீட்டியவர்கள் தங்கள் ரத்தத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். ஓர் ஆச்சி, "என் ரத்தம் எப்பவுமே இப்படித்தான், ஒங்களுக்குத்தான் செரமம்" என்று எங்களுக்காக வருத்தப்பட்டார். நாங்கள் "பரவாயில்லை ஆச்சி" என்றோம்.

அந்தப் பொய்யை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் கொண்டுவந்த ஒரு நோட்டிலிருந்து அது தானாக முளைத்தது. சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, தவறு செய்தவரின் பெயர், என்ன தவறு, கையொப்பம். மாலையில் ஷிஃப்ட் மாறும்போது எல்லோரையும் நிறுத்திவைத்து நான் வாசிப்பேன். பெயருக்குரியவர் முன்னால் வந்து கையெழுத்துப் போடுவார். மாதக் கடைசியில் நோட்டு பெரிய டாக்டரின் மேசைக்குப் போகும்.

எனக்கு அது ஒரு சீர்திருத்தமாகத் தோன்றியது. நான் இளமையில் வேலை கற்ற அரசு ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தாலும் மெமோ வரும். அதற்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். "சுத்தம் செய்யும் வேளையில் குடுவை உடைய நேரிட்டது" என்று எழுதுவோம். யார் சுத்தம் செய்தார் என்பது அதில் இருக்காது. நான் எம்.எஸ்ஸி. படித்தவன். அத்தகைய வாக்கியங்களை மற்றவர்களைவிட நன்றாக எழுதுவேன், மற்றவர்களுக்கும் எழுதிக்கொடுப்பேன். சொந்தப் பொறுப்பில் ஓர் ஆய்வகம் கிடைத்தபோது, இங்கே பெயர் இல்லாத தவறே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பெயரைப் போட்டால் மனிதர் கவனமாக இருப்பார் என்று நம்பினேன். ஓராண்டில் பதிவுகள் குறைந்தன. அதற்கடுத்த ஆண்டு பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன. மருத்துவமனையை ஆய்வு செய்ய வந்த அதிகாரிகளிடம் அந்த வெறும் பக்கங்களைப் புரட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அந்த நோட்டில் ஒருநாளும் என் பெயர் வந்ததில்லை. எழுதுகிறவன் நான்தானே.

இப்போது என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரத்த வகை பார்ப்பது எளிய சோதனை. வெள்ளைத் தட்டில் மூன்று சொட்டு ரத்தம், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. பால் திரிவதுபோல் ரத்தம் திரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது சொட்டு திரிந்தால் பாசிட்டிவ், கூட்டல் குறி. திரியாவிட்டால் நெகட்டிவ், கழித்தல் குறி. எங்களிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பாசிட்டிவ். சோதிப்பவர் தட்டைப் பார்த்து உரக்கச் சொல்வார். பதிவேடு என் கையில் இருக்கும், நான் எழுதுவேன். காலை நெரிசலில் நேரம் மிச்சமாகட்டும் என்று பதிவேட்டில் இந்தக் குறிக்கான கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழாக வரிசையாகக் கூட்டல் குறிகளை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுவேன். எப்போதாவது நெகட்டிவ் என்று குரல் வந்தால் அடித்துத் திருத்திக்கொள்வேன். ஆய்வகத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்?

அப்போது எங்களிடம் ஓர் இளம்பெண் வேலை பார்த்தாள்; சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கோவிலூர்ப் பக்கம் ஒரு கிராமம். விவசாயக் குடும்பத்தில் முதலில் படித்தவள். ஊசி குத்தியதே தெரியாதபடி ரத்தம் எடுப்பாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். சில ஆச்சிமார்கள் அவள் வரும்வரை காத்திருப்பார்கள். தான் பார்த்த சோதனைகளின் முடிவுகளைத் தனியாக ஒரு சின்னப் பாக்கெட் நோட்டில் குறித்து வைக்கும் வழக்கம் அவளுக்கு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்று நான் கேலி செய்ததுண்டு.

ஒருநாள் ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணி வந்தாள். முதல் பிரசவம். இவள்தான் சோதித்தாள். "ஓ நெகட்டிவ்" என்று சொன்னாள். அந்த நேரத்தில் ஒரு பெரியவர் என் மேசை முன்னால் நின்று, வெறும் வயிற்றோடு எவ்வளவு நேரம் நிற்கச் சொல்கிறாய் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே "ஓ" என்று எழுதினேன். பக்கத்தில் கூட்டல் குறி ஏற்கெனவே இருந்தது. அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அறிக்கை அச்சாகி வந்தது. கையெழுத்திட்டேன்.

தாய் நெகட்டிவாக இருந்து, வயிற்றுப் பிள்ளை பாசிட்டிவாக இருந்தால், உரிய நேரத்தில் ஓர் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வரலாம். என் கூட்டல் குறி அந்த ஊசியைப் போடவிடாமல் செய்திருக்கும்.

நான்கு நாள் கழித்து எங்கள் ஆய்வகப் பெண் தன் சின்ன நோட்டைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது வித்தியாசத்தைக் கண்டிருக்கிறாள். என்னிடம் வரவில்லை. கர்ப்பிணி கொடுத்திருந்த கைபேசி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. தன் வார விடுமுறை நாளில் ஊசியையும் குழாயையும் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனாள். வீட்டைத் தேடிப் பிடித்து, எங்கள் ஆய்வகத்தின் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி மறுபடியும் ரத்தம் எடுத்து வந்தாள். சோதித்து, சரியான அறிக்கையை அச்சிட்டு, மற்ற அறிக்கைகளோடு சேர்த்து என் மேசையில் வைத்தாள். நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். புதிய அறிக்கையை அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பழையதைக் கிழித்துப் போடச் சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் கிழிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தக் கர்ப்பிணியின் கணவர் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். டைல்ஸ் பட்டறையில் வேலை செய்பவர்; நகக்கண்களில் பச்சை வண்ணம் ஏறியிருந்தது. நேரே பெரிய டாக்டரிடம் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டுலயும் ஒங்க கையெழுத்துதான் சார் இருக்கு. எது எங்க வீட்டுல உள்ளவுக ரத்தம்?" என்று அவர் என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். பதிவேட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரே அளவில், ஒரே சாய்வில், நான் காலையில் காபி குடித்த கையோடு போட்ட கூட்டல் குறிகள். அந்த வரியில் இருந்த "ஓ" மட்டும் வேறு மையில், அவசரத்தில் எழுதியது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை இன்றுவரை வேறு மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன்: நினைவில்லை, குழப்பம், நெரிசல். உண்மை இதுதான். பார்த்தேன், தெரிந்தது, மூடி வைத்தேன்.

மாலையில் எல்லோரையும் நிறுத்திச் சிவப்பு நோட்டைத் திறந்தேன். ரத்த வகையைத் தவறாகக் குறிப்பிட்டது, அனுமதியின்றி வெளியே சென்று மாதிரி எடுத்தது, பொறுப்பாளருக்குத் தெரிவிக்காமல் புதிய அறிக்கை தயாரித்தது என்று எழுதி வாசித்தேன். பின்னிரண்டும் உண்மை. முதல் ஒன்றை அவற்றின் மறைவில் வைத்தேன்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டது.

"சொல்லணும்னுதான் சார் இருந்தேன்" என்றாள்.

அங்கே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கியவர், நாங்கள் முடிக்கும்வரை கழுவிக்கொண்டே இருந்தார். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரையும் நிதானமாகப் போட்டாள்.

மறுவாரம் அவளாகவே விலகிக்கொள்வதாக எழுதி வாங்கினார்கள். பெரிய டாக்டர் என்னை அழைத்து, விரைவாகக் கண்டுபிடித்தீர்கள் என்றார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் தகப்பனார் வந்தார். மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நான் வெளியே போனேன்.

"எம் மக என்ன தப்பு பண்ணுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகலாமுன்னு வந்தேன்யா. வீட்டுல கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவர் மட்டும்தான் நின்றோம். நோட்டு இல்லை, டாக்டர் இல்லை. "ரத்த வகைய மாத்திப் போட்டுருச்சுய்யா. உயிர் போற விஷயம்" என்றேன். அவர் முகம் ஒருமுறை சுருங்கியது. மன்னிச்சிருங்க என்று அவர் என்னிடம் சொன்னார். மகளுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆத்தங்குடிப் பெண்ணுக்கு உரிய ஊசி போடப்பட்டது, பிள்ளையும் பெற்றாள், பிறகு இன்னொரு பிள்ளையும் நலமாகப் பெற்றாள். இதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் நிம்மதிக்காகத்தான் விசாரித்தேன். கூட்டல் குறிகளை முன்கூட்டியே போடும் பழக்கத்தை அந்த வாரமே விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. சிவப்பு நோட்டு நான் ஓய்வு பெறும்வரை நடந்தது.

இப்போது எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சர்க்கரை வந்து சில வருடங்களாகின்றன. போன ஆண்டு வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆய்வகம் திறந்தார்கள். தூரம் போக வேண்டாமே என்று ஒரு காலை வெறும் வயிற்றோடு போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். முன்நெற்றியில் நரை. அவள்தான் அங்கே பொறுப்பாளர்.

"வாங்க சார். சாப்பிடாமத்தான வந்திருக்கீக? உக்காருங்க, பத்து நிமிசம்" என்றாள். எல்லோரிடமும் பேசுகிற அதே குரல்.

அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததை நான் நாற்காலியில் இருந்து கேட்டேன். ரத்தம் எடுக்கத் தொடங்குவதற்கு முன் அங்கே வேலை செய்யும் நான்கு பேரும் நின்றபடியே கூடினார்கள். முதலில் அவள்தான் பேசினாள். முந்தின நாள் "ஐயா வாங்க" என்று பொதுவாகக் கூப்பிட்டதாகவும், இரண்டு பேர் எழுந்து வந்ததாகவும், வந்தவரில் தவறானவருக்கு ஊசி குத்திவிட்டதாகவும் சொன்னாள். "அவருக்கு எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு. 'எக்ஸ்ரேக்கு ஏம்மா ரத்தம்'னு கேக்குறாரு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு." மற்றவர்கள் சிரித்தார்கள். "அக்கா, இனி ஒங்களுக்கு ஒரு மைக்கு வாங்கிக் குடுத்திருவோம்" என்றாள் ஒருத்தி. இனிமேல் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அடுத்து இன்னொருத்தி, ஒரு குழாயில் சீட்டு ஒட்ட மறந்ததைச் சொன்னாள். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. வேலை தொடங்கிவிட்டது.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

சாப்பிடும் முன் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்தம். இடையில் வீட்டுக்குப் போய் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டாள். அவளிடமும் நான் இதை ஒருநாளும் சொன்னதில்லை. திரும்பிப் போனபோது கூட்டம் கலைந்திருந்தது. அவளே ஊசியை எடுத்தாள். இப்போதும் குத்துவது தெரியவில்லை.

"அந்தப் பதிவேட்டுல இருந்தது என்னோட கூட்டல் குறிம்மா. அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றேன்.

பஞ்சை வைத்து அழுத்தினாள். "கைய மடக்கிக்கிருங்க சார்" என்றாள். பிறகு, "எனக்கும் தெரியும்ல" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா யாரு பேரு சார் நோட்டுல வந்திருக்கும், ஒங்க பேரா? எம் பேருதான் ரெண்டாந்தடவையும் வந்திருக்கும். பெரியவுகள எதுத்துப் பேசுனதுன்னு." லேசாகச் சிரித்தாள். குழாயில் என் பெயரை எழுதி, ஒருமுறை வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தாள்.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினாள். "எனக்கு ஒண்ணும் கெட்டுப் போகல சார். இங்க நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு மட்டும் செய்யிறீகளா? எங்க அப்பாகிட்ட வந்து சொல்லுங்க."

தகப்பனாருக்கும் சர்க்கரை இருக்கிறதாம். மாதாமாதம் பஸ் ஏறிச் சிவகங்கை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறாராம். மகளின் ஆய்வகம் பஸ்ஸில் கால் மணி நேரம். "எங்கிட்ட மட்டும் கை நீட்ட மாட்டாரு. நீ மாத்திப் போட்டுருவம்பாரு. வெளாட்டுக்குச் சொல்ற மாதிரிதான் சொல்வாரு" என்றாள். அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் மாறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, பால் வாங்கிட்டு வாரேன் என்று அவள் போய்விட்டாள்.

தகப்பனார் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. எழப்போனவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் தொடங்கினேன். "அந்தச் சமயத்துல ரத்த வகைக் குறிப்புல ஒரு பிழை நேர்ந்ததுக்கு..."

"காது மந்தம்யா. சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

இன்னொரு முறை கொஞ்சம் உரக்கச் சொன்னேன். காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "என்ன நேந்துச்சு?" என்றார். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் உரக்கச் சொல்கிற மாதிரியான வாக்கியம் இல்லை. என் வாழ்நாள் முழுவதும் எழுதிய விளக்கக் கடிதங்களைப் போல அதிலும் ஆளைக் காணோம்.

"நான்தான் தப்பா எழுதுனேன்" என்று கத்தினேன். "ஒங்க மக சரியாத்தான் சொல்லுச்சு. நான் தப்பா எழுதிட்டு, அது மேல பழி போட்டேன்."

பக்கத்து வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சுவருக்கு மேலே ஒரு பெண்ணின் தலை தெரிந்தது.

அவர் கையிலிருந்த கடலையை உடைத்து, பருப்பைத் தட்டில் போட்டார். "படிச்சவுக எப்படித் தப்பா எழுதுவீக?"

"காலையிலயே எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதி வச்சிருவேன்."

"ரத்தத்தப் பாக்குறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்."

"நான் வந்து கேட்டேன்ல. அப்பத் தெரியுமா ஒங்களுக்கு?"

இதற்குக் கத்தத் தேவையிருக்கவில்லை. தலையை அசைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் பார்வை என்னைவிட்டு வாசலுக்குப் போனது.

"நான் அதுகிட்ட ஒரு தடவைதான் கேட்டேன்" என்றார். "பேசாம நின்னுச்சு. பேசாம நின்னா தப்புன்னுதான நெனைக்கத் தோணும். அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல." என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்து, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவருக்கு மேலிருந்த தலையையும் பார்த்தாள்.

"இங்குட்டு வா" என்றார் தகப்பனார். அவள் போனாள். அவர் மடியிலிருந்த கடலைத் தொலியைத் தட்டிவிட்டார். பிறகு இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையை அவள் முன்னால் நீட்டினார்.

"நாளைக்கு நான் எத்தன மணிக்கு வரணும்?"

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அந்தக் கையை, நரம்பு பார்ப்பதுபோல், இரண்டு விரலால் தொட்டாள். "ஆறரைக்கு வாங்கப்பா" என்றாள். அவர் காதில் விழவில்லை என்று கண்டு உரக்கச் சொன்னாள். "ஆறரைக்கு. வெறும் வயித்தோட."

"காப்பி?"

"காப்பியும் கூடாது."

"சிவகங்கையில நான் காப்பி குடிச்சிட்டுத்தான குடுக்குறேன்."

"அதான் எல்லா மாசமும் சக்கரை கூடக் காட்டுதா?" என்று அவள் அதட்டினாள். அதட்டும்போதே குரல் உடைந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். தகப்பனார் நீட்டிய கையை மடக்கவில்லை. அவளும் விடவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.